நாற்காலி செய்யப் பழகுபவர்கள் மரத்தை வீணாக்கும் இடங்கள்

ரங்கூனில் என் பட்டறைக்குத் தொழில் பழக வரும் பையன்கள், அந்த வயதில் நான் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். உளி தீட்டாதது, அளவைச் சரிபார்க்காதது எல்லாம் ஒரு வாரத்தில் தானே திருந்திவிடும், அவற்றை விடுவோம். உட்காருபவரின் காலையும் முதுகையும் வருத்துகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இருக்கையின் ஆழம்

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. மோல்மீனில் ஒரு வீட்டுக்குத் தேக்கில் ஆறு நாற்காலிகள் செய்து, பிரம்பு பின்னி, மெருகேற்றி அனுப்பினேன். இருக்கையின் முன்விளிம்பிலிருந்து முதுகு சாய்க்கும் சாய்வு வரை 20 அங்குலம். ஒரு படத்தைப் பார்த்து எடுத்த அளவு அது. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா சாய்ந்து உட்கார்ந்ததும் பாதம் தரையைவிட்டு எழும்பியது. முன்னால் நகர்ந்தார், முதுகுக்குச் சாய்வு எட்டவில்லை. "கொஞ்ச நேரத்துலயே கால் மரத்துப்போகுது தம்பி" என்றார்.

ஆறையும் திரும்ப எடுத்துவந்தேன். பக்கச் சட்டத்தில் நான்கு அங்குலம் குறைத்தால் துளைக்குள் செருகும் முனையான கழுந்தைப் புதிதாக அறுக்க வேண்டும், கைப்பிடியையும் குறைக்க வேண்டும், பிரம்பை அறுத்துப் போட்டு முதலிலிருந்து பின்ன வேண்டும். இரண்டு மாத உழைப்பு போனது.

முழங்காலின் பின்மடிப்பில் ரத்தக்குழாயும் நரம்பும் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. அங்கே கட்டை அழுத்தினால் கால் மரத்துத்தான் போகும். அதனால் உட்காரப்போகிறவரைச் சுவரோடு முதுகு ஒட்ட உட்காரவைத்து, சுவரிலிருந்து அந்த மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதில் இரண்டு அங்குலம் கழியுங்கள். பலர் புழங்கும் நாற்காலி என்றால் வீட்டில் குள்ளமானவருக்கு அளவெடுங்கள். நம் வீடுகளில் 16 அங்குலத்துக்கு மேல் நான் போவதில்லை. முன்விளிம்பை நன்றாக உருட்டிவிடுங்கள்.

"ஆழம் அதிகமானா பின்னால ஒரு தலையணை வச்சுக்கட்டுமே அண்ணே" என்று போன மாதம்கூட ஒரு பையன் கேட்டான். தலையணை வைத்தால்தான் உட்கார முடியும் என்றால் அது நாற்காலியே இல்லை. நல்ல தேக்கைத் தொடுவதற்கு முன், கழிவுப் பலகையில் ஆணியடித்து ஒரு மாதிரி செய்து, அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அந்த ஒரு வேலையை அன்று நான் செய்திருந்தால் போதும்.

உயரம்

வெளிநாட்டு வரைபடங்களில் 18 அங்குலம் என்று இருக்கும். அது செருப்போ பூட்ஸோ போட்ட காலுக்கு. இங்கே வீட்டுக்குள் வெறுங்காலோடுதான் நடக்கிறோம். 16 அங்குலம் வையுங்கள்.

நிமிர்ந்த சாய்வு

சாய்வை இருக்கைக்குச் செங்குத்தாக நிறுத்தினால் உடம்பு முன்னால் சரியும். பின்பக்கம் பத்துப் பாகை சாயட்டும். இருக்கையின் பின்பக்கத்தையும் அரை அங்குலம் தாழ்த்துங்கள். அப்புறம், சாய்வின் அடிச்சட்டத்தை இருக்கையோடு ஒட்டி வைக்காதீர்கள். புட்டத்துக்கு இடமில்லாவிட்டால் இடுப்பு முன்னால் தள்ளப்படும். நான்கைந்து அங்குலம் திறந்து விட்டு, இடுப்பு வளையும் இடத்தில் சட்டம் வரும்படி செய்யுங்கள்.

பலகை இருக்கை

அகலமான பலகையை நான்கு பக்கமும் பசைபோட்டு இறுக்காதீர்கள். மழைக்காலத்தில் வேங்கை இனத்துப் படாக் மரம் மட்டுமல்ல, தேக்கும் குறுக்குவாட்டில் ஊதும், மார்ச் மாத வெயிலில் சுருங்கும். முன்பக்கம் மட்டும் இறுக்கிவிட்டு, பின்பக்கம் நீளத்துளையில் திருகாணி போட்டு நகர இடம் விடுங்கள்.

பச்சை மரம்

வேண்டாம்.

கைப்பிடி

இருக்கையிலிருந்து 8 அங்குல உயரம். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே 20 அங்குலமாவது விடுங்கள். கைலி கட்டியவர் ஒரு காலை மேலே மடக்கிவைத்துத்தான் டீ குடிப்பார்.