வீட்டுக்குப் பின்னால் புதுச் சாலையா? முதலில் இடம் கேளுங்கள், மரம் அப்புறம்

வீட்டுக்குப் பின்னால் சாலை வரப்போகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் ஒன்றுகூடி எதிர்ப்பார்கள். சாலை வருவது உறுதி என்றானதும், "இனி பேசி என்ன ஆகப்போகிறது" என்று அமைதியாகிவிடுவார்கள். தார் போடும் நேரத்தில் மறுபடி போய், "சுவரை ஒட்டி நாலு மரமாவது வைத்துக் கொடுங்கள்" என்பார்கள். அப்போது வடிகாலுக்கும் நம் சுவருக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் மண்தான் மிஞ்சியிருக்கும். "இடம் இல்லையே" என்று பொறியாளர் சொன்னால் அது பொய்யில்லை.

நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு இந்த மௌன காலம்தான். செடி நடுவது சாலை வேலையில் கடைசியாக நடக்கும். ஆனால் செடிக்கு எவ்வளவு இடம் என்பது நில எல்லை, கரையின் சரிவு, வடிகால் போகும் வழி ஆகியவற்றை வரையும்போதே முடிவாகிவிடும். சாலையை எதிர்க்கிறவர்களும் அந்தக் கட்டத்திலேயே, "வந்தால் எங்கள் பக்கம் இவ்வளவு அகலம் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அப்படிக் கேட்பதால் எதிர்ப்பைக் கைவிட்டதாக ஆகாது என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் சரி.

எவ்வளவு அகலம்? சாலைக்கும் வீட்டுக்கும் நடுவில் மறைப்பாக மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு மண்மேடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் சரிவு விட்டால் பக்கத்துக்கு ஆறு மீட்டர், உச்சியில் ஒரு மீட்டர், மொத்தம் 13 மீட்டர் போய்விடும். கையில் இருப்பது நாலு மீட்டர் என்றால் மண்மேடு கேட்டுப் பயனில்லை. சுவரும் அதன்மேல் படரும் கொடியும் கேட்பதுதான் நடக்கிற காரியம்.

இரைச்சல் விஷயத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஒற்றை வரிசை மரம் வாகனச் சத்தத்தை அநேகமாகக் குறைக்காது. இலைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் சத்தம் தாராளமாக நுழைந்துவிடும். தரையிலிருந்தே அடர்ந்த செடியும் மரமுமாகச் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்கு இருந்தால் ஐந்து டெசிபல் அளவுக்குக் குறையலாம். சத்தம் பாதியானதுபோல் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய பத்து டெசிபல் குறைய வேண்டும். மரம் கண்ணுக்கு மறைப்பு, வெயிலுக்கு நிழல். அதற்காக அதைத் தாராளமாகக் கேளுங்கள். சத்தத்துக்கு மருந்தாக மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், "மரம் வைத்துக் கொடுத்துவிட்டோமே" என்று கோப்பை மூடிவிடுவார்கள். நமக்கு வந்திருக்க வேண்டிய தடுப்புச் சுவர் வராமலே போய்விடும்.

சுவர் கேட்கும்போதும் இரண்டு விஷயம் கவனியுங்கள். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வண்டி தெரியாத அளவுக்கு அது உயர வேண்டும். அப்புறம், கடைசி வீட்டோடு நின்றுவிடக் கூடாது, ஏனென்றால் சத்தம் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். வீட்டுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் போல நாலு மடங்கு, வீட்டைத் தாண்டி இரு பக்கமும் நீள வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஓரத்து வீட்டுக்காரர்கள் இதைக் கேட்காமல் விட்டால் சுவர் இருந்தும் அவர்களுக்குப் பயன் கொஞ்சம்தான்.

காற்றுத் தூசியும் ஏறக்குறைய இதே கதைதான். தடித்த, தரையோடு ஒட்டிய, இடைவெளி இல்லாத செடிவேலி ஓரளவு உதவும். கீழே வெறும் தண்டும் மேலே மட்டும் தழையுமாக நிற்கும் மரவரிசையின் அடியில் புகை நேராக வந்து சேரும். அதனால் மரத்தோடு புதர்ச்செடியும் சேர்த்துக் கேளுங்கள்.

திட்டப்படத்தை மேலிருந்து பார்க்கும் கோணத்தில் மட்டும் பார்ப்பதும் தவறு. அதில் பச்சை வட்டங்கள் அழகாக இருக்கும், உயரம் தெரியாது. நம் வீட்டுக்கு நேராக எடுத்த குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். சாலையின் மேல்மட்டம் நம் வீட்டுத் தரையைவிட எவ்வளவு உயரம் என்று அதில் இருக்கும். நாங்கள் செய்தது இது: ஒரு நீளமான மூங்கிலில் சாலை மட்டத்தை அளந்து சிவப்புத் துணி கட்டினோம், அதற்கு ஒரு மீட்டர் மேலே, ஏறக்குறைய லாரி விளக்கு வரும் உயரத்தில், வெள்ளைத் துணி. பின்சுவர் ஓரம் ஒருவர் பிடித்து நிற்க, ஒவ்வொரு வீட்டுப் படுக்கையறையிலும் போய்ப் பார்த்தோம். ஒரு வீட்டில் வெள்ளைத் துணி கட்டில் தலைமாட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே தெரிந்தது. அதுவரை "எனக்கு எதுவும் வேண்டாம்" என்றிருந்த அந்த அம்மா, அன்றைக்கே மனுவில் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்து என்றதும் ஒன்று. வீட்டுக்கு வீடு தனிக் கடிதம் கொடுக்காதீர்கள். ஒருவர் நிழல் கேட்பார், இன்னொருவர் வெளிச்சம் போகக் கூடாது என்பார், மூன்றாமவருக்கு இலை உதிர்ந்தால் பிடிக்காது. முரண்பட்ட பத்துக் கடிதம் போனால், அதையே காரணம் காட்டி எதுவும் செய்யாமல் விடுவது அலுவலகத்துக்குச் சுலபம். சண்டையை நம் திண்ணையிலேயே முடித்துக்கொண்டு, எந்த வீட்டுக்குப் பின்னால் உயரமான மரம், எங்கே இடுப்பளவு புதர் என்று ஒரே படமாக வரைந்து கொடுங்கள். கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி எழுந்து வராதீர்கள். ஒப்புக்கொண்டது படத்தில் ஏறி, படத்தின் எண்ணும், அது எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் திருத்த எண்ணும் நம் கையில் இருந்தால்தான் அது வாக்குறுதி.

கேட்கக் கூடாததையும் தெரிந்துகொள்ளுங்கள். தடம் விலகும் வண்டி மோதி உயிர் போகும் என்பதால், வேகமான சாலையின் ஓரத்தை ஒட்டித் தடித்த தண்டுள்ள மரம் வைக்க விடமாட்டார்கள். சந்திப்புகளில் பார்வையை மறைக்கும் எதுவும் கூடாது. மின்கம்பிக்குக் கீழே, குழாய்க்கு மேலே மரம் கிடையாது. இது நியாயமான விதி. இங்கெல்லாம் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஏற்கெனவே நிற்கும் மரத்தை மறந்துவிட்டுப் புதுக் கன்றுக்கு அலைகிறோமே, அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். முப்பது வருட மரத்துக்கு எந்தக் கன்றும் உடனே ஈடாகாது. மரத்தை வெட்டாமலே கொன்றுவிட முடியும். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள்தான் பரவியிருக்கும். அதன்மேல் டிப்பர் லாரி நின்றால், ஜல்லி குவித்தால், மண் இறுகி வேர் மூச்சுத் திணறும். மரம் உடனே சாகாது, இரண்டு மூன்று வருடம் கழித்துப் பட்டுப்போகும், அப்போது ஒப்பந்ததாரர் அங்கே இருக்க மாட்டார். வேலை தொடங்கும் முன்பே கிளை விரிந்த எல்லை வரைக்கும் வேலி போடச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

புதுக் கன்றுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீர் யார் ஊற்றுவது, பட்டுப்போனால் யார் மாற்றுவது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். "நாங்களே ஊற்றிக்கொள்கிறோம்" என்று உற்சாகத்தில் சொல்லிவிடாதீர்கள். கோடையில் சாலை ஓரம் குடம் சுமப்பது ஒரு மாதத்தில் அலுத்துவிடும். பெரிய மரமாகக் கொண்டுவந்து நடச் சொல்லவும் வேண்டாம். வேர் அறுபட்டு வருவதால் அது தேறவே நாளாகும், சின்னக் கன்று சில வருடத்தில் அதை எட்டிப் பிடித்துவிடும். எல்லாம் ஒரே வகையாகவும் வேண்டாம், ஒரு பூச்சி வந்தால் வரிசை முழுக்கப் போய்விடும்.

நடுவதற்கு முந்தின நாள் கடப்பாரையோடு அந்த இடத்துக்குப் போங்கள். இயந்திரங்கள் ஏறி இறங்கிய மண்ணுக்கு அடியில் கான்கிரீட் துண்டும் தார்க்கட்டியும் புதைந்து கிடக்கும், மேலே மட்டும் செம்மண் தூவியிருக்கும். பத்து இடத்தில் குத்திப் பாருங்கள். ஒரு சாண் ஆழம்கூட இறங்காமல் 'டங்' என்று நின்றால் படம் எடுத்து, அந்த இடத்தைக் கிளறி நல்ல மேல்மண் போட்ட பிறகே நட வேண்டும் என்று அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.