பல்கலைக்கழக வளாகத்தில் பழங்குடிக் கலைப்படைப்பு: அழைப்பு முதல் பராமரிப்பு வரை

சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் பழங்குடிக் கலை இடம்பெற வேண்டும் என்று தீர்மானித்தால், எளிதாக நடந்துவிடக்கூடியது இதுதான்: இணையத்தில் கிடைத்த வார்லி உருவங்களை யாரோ எடுத்துக் கொடுப்பார், சுவர் விளம்பரம் எழுதுபவர் அவற்றைப் பெரிதாக்கி வரைவார், விருந்தினர் வந்து திறந்துவைப்பார். வார்லி மகாராஷ்டிரத்து மக்களின் கலை; அவர்களில் ஒருவர்கூட அந்தச் சுவரைப் பார்த்திருக்க மாட்டார். ஆகவே சுவரைத் தேர்வதற்கு முன் எந்தச் சமூகத்தோடு பணியாற்றப் போகிறோம் என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. கோத்தகிரி அருகே வெள்ளரிக்கொம்பையில் வாழும் ஆலுக் குறும்பரிடம் பாறையிலும் வீட்டுச் சுவரிலும் வரையும் மரபு உண்டு; வேங்கைப் பிசின், மண், இலைச்சாறு ஆகியவற்றிலிருந்து வண்ணம் எடுப்பார்கள். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைபடம் ஏதுமின்றி இழைகளை எண்ணியே பூவேலை செய்கிறார்கள்; அதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னைக்கு மிக அருகில், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் வாழ்பவர்கள் இருளர். அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்குகிறது. பாம்பும் மூலிகையும் அறிந்த அம்மக்களிடம் சுவரோவியம்தான் வேண்டும் என்று கேட்பதைவிட, என்ன செய்ய விருப்பம் என்று கேட்பதே முறை. விடை ஒரு மூலிகைத் தோட்டமாகவும் இருக்கலாம்.

அடுத்து, கலைஞர்களை அலுவலகத்துக்கு அழைக்காமல் நீங்கள் அவர்களுடைய ஊருக்குப் போக வேண்டும். எதை வரையலாம், எதைக் கூடாது என்பதை ஒரு கலைஞர் மட்டும் சொல்லிவிட முடியாது. ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் கூடிப் பேச நேரம் விடவேண்டும். தோடர் தங்கள் எருமைகளின் பாலைக் கடையும் பால்மனை அவர்களுக்குக் கோயில். அதன் முகப்பு அழகாக இருக்கிறது என்பதற்காக அதைப் போலவே ஒரு வளாக வாயிலைக் கட்டித் தரச் சொல்வது, கேட்கும் முன்பே மறுப்பை எதிர்பார்க்க வேண்டிய கோரிக்கை. மறுத்தால் அதை ஏற்றுக்கொண்டு வேறு பேச வேண்டுமே தவிர, கட்டணத்தை உயர்த்திப் பார்க்கக் கூடாது.

குறைந்த விலை சொன்னவருக்கு வேலையைக் கொடுக்கும் முறை இங்கே பொருந்தாது. அரசுப் பல்கலைக்கழகமானால், ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் எந்த விலக்குக்கு இடமளிக்கிறது என்பதை நிதி அலுவலரிடம் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரி வரைவுக்கும் தனியாகப் பணம் தர வேண்டும்; பயணம், தங்குமிடம், உடன் வருவோரின் கூலி ஆகியவை கலைஞரின் ஊதியத்திலிருந்து கழிக்கப்படக் கூடாது.

அதிகம் கவனிக்கப்படாத, ஆனால் மிகுந்த கவனம் வேண்டிய பகுதி ஒப்பந்தம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாற்று உடன்பாடு எதுவும் இல்லையென்றால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஒரு வரியும் எழுதாமல் விட்டாலே குறும்பர் உருவங்கள் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டிக்கும் கோப்பைக்கும் போய்விடலாம் என்பதே இதன் பொருள். எனவே பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும் என்றும், மறுபதிப்புக்குத் தனி அனுமதியும் தனித் தொகையும் வேண்டும் என்றும் எழுதி, கலைஞருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். 57ஆம் பிரிவு தரும் தார்மிக உரிமை, அதாவது படைப்பு தன்னுடையது என்று கோரவும் அதைச் சிதைப்பதை எதிர்க்கவும் கலைஞருக்கு உள்ள உரிமை, இதிலிருந்து வேறானது. பதிப்புரிமை கைமாறினாலும் அது படைத்தவரிடமே நிற்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் கழற்றப்பட்டுக் கிடங்கில் சிதைந்தது. அதை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ நேர்ந்தால் கலைஞருக்கு எத்தனை மாதம் முன்னால் தெரிவிக்க வேண்டும் என்பதையும் இப்போதே எழுதிவிடுவது நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை, சென்னையின் உப்புக்காற்றும் வெயிலும் மூலிகை வண்ணத்தை வெகுநாள் விட்டுவைக்காது. மழை படாத தாழ்வாரமோ நூலகத்தின் உட்சுவரோ போதும். ஓதம் ஏறும் சுவரை எடுத்த எடுப்பிலேயே விலக்கிவிடுங்கள். புதுப் பூச்சானால் நன்றாக உலர்ந்த பின்பே வரைய வேண்டும். வெளிப்புறம்தான் வேண்டுமென்றால் வடிவத்தைச் சிறு ஓடுகளுக்கு மாற்றலாம். இழை எண்ணிச் செய்யும் தோடர் பூவேலை ஓட்டுக் கட்டங்களுக்கு இயல்பாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். கட்டங்களை எண்ணிச் சரிபார்க்க வேண்டியவர்கள் அந்தப் பெண்களே. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்த்து, ஜனவரிக்குப் பின் தொடங்குங்கள். அது அவர்கள் ஊர்த் திருவிழாவோடு மோதுமா என்று கேட்டபின் தேதி குறியுங்கள்.

பெயர்ப்பலகையில் ‘பழங்குடி ஓவியம்’ என்று மட்டும் எழுதாமல், வரைந்தவர்களின் பெயர், சமூகம், ஊர் ஆகியவற்றை அவர்கள் விரும்பும் எழுத்துக்கூட்டலில் பொறிக்க வேண்டும். வண்ணம் மங்கினால் பராமரிப்புப் பிரிவு தூரிகை எடுக்காமல், அவர்களையே ஊதியத்துடன் மீண்டும் அழைக்கும்படி ஆண்டு வரவுசெலவில் ஒரு தொகை ஒதுக்கியிருக்க வேண்டும்.