கதவு மூடவில்லை என்றால் கதவைச் சீவாதீர்கள்: அடைமழையில் லயங்களில் நடக்கும் தவறுகள்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளைத்தான் லயம் என்கிறோம், அதில் ஒரு வீடு ஒரு காம்பரா. ஓர் ஐப்பசி மாதத்தில் எங்கள் காம்பராவின் பின்கதவு மூடவே மாட்டேன் என்றது. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று அப்பா அடிப்பக்கத்தைச் சீவிவிட்டார். நாலு நாள் நன்றாக மூடியது. அப்புறம் மேல் மூலை நிலையில் இடித்தது. அதையும் சீவினார். அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில், பின்னால் இருந்த மண்மேடு குசினிக்குள் வந்துவிட்டது. அம்மா பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, கிளம்புவதற்கு முன் அடுப்புப் பற்றவைக்கும் நேரம் அது. அன்றைக்குத் தலைவலி என்று பத்து நிமிஷம் கூடப் படுத்திருந்தார், பிழைத்தார்.

கதவில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை. மண் தள்ளித் தள்ளிச் சுவர் நகர்ந்து, நிலை கோணிப்போயிருந்தது. வீட்டில் ஐந்து பேர் இருந்தும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மண்சரிவு பெரும்பாலும் ஏதாவது ஓர் அடையாளம் காட்டிவிட்டுத்தான் வருகிறது. அந்த அடையாளத்தை நாம் பழுது என்று நினைத்துத் திருத்திவிடுவதுதான் நான் கண்ட தவறுகளிலேயே பெரியது.

சுவர் வெடிப்பும் அப்படித்தான். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது சீமெந்து பூசி மறைத்துவிடுகிறோம். பூசுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வெடிப்பு முடிகிற இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தாலோ, அகலம் கூடியிருந்தாலோ கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுகிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் தெரியப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். தரையில் புதுப் பிளவு, லயத்துக்கு மேலே தேயிலைக்குள் நீளமாக ஓடுகிற பிளவு, சாய்ந்து நிற்கும் மின்கம்பம், கோணலான மரம் எல்லாம் இதே கணக்குத்தான். தேயிலைக்குள் இருக்கும் பிளவை மழைக்குத் திறந்து விடக்கூடாது. களிமண்ணால் அடைத்து மேலே பொலித்தீன் விரித்தால் தண்ணீர் உள்ளே இறங்குவது குறையும். ஆனால் அடைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று அங்கேயே படுக்கக்கூடாது.

மலைத்தண்ணீர் பீலி வழியாக விழுகிற இடத்தை, பீலிக்கரையையும் கவனிக்க வேண்டும். வருஷக்கணக்காகத் தெளிவாக வந்த தண்ணீர் திடீரென்று பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால், மேலே எங்கோ மண் அசைகிறது என்று சந்தேகப்படுங்கள். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது பீலியில் தண்ணீர் குறைந்தாலோ நின்றாலோ அது இன்னும் மோசம். இதுவரை இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்பினாலும் சும்மா விடாதீர்கள். இதையெல்லாம் முதலில் பார்ப்பது தண்ணீருக்குப் போகிற பெண்களும் பிள்ளைகளும்தான். அவர்கள் சொன்னால் “மழைன்னா கலங்கத்தான் செய்யும்” என்று வாயை அடைத்துவிடாதீர்கள்.

மழையைக் காதால் அளப்பது அடுத்த தவறு. தகரக் கூரையில் சின்ன மழையும் பெரிதாகக் கேட்கும், நாலு நாள் விடாமல் பெய்தால் பெரிய மழையும் பழகிப்போகும். நேர் பக்கமுள்ள ஒரு பால்மா டின்னை மரமோ கூரையோ மறைக்காத வெட்டவெளியில் வையுங்கள். காலை ஆறு மணிக்குப் பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டு அளந்து, குறித்துக்கொண்டு, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர், அதாவது ஏழரை சென்டிமீட்டர் நின்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுவதற்கும் மழையில் இந்த அளவுகளைத்தான் பார்க்கிறார்கள். அவர்களுடைய அறிவிப்பு பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். உங்கள் தோட்டம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், வானொலியில் சொன்னாலும் உங்களுக்கு என்று புரியாது. இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

“மழை விட்டிருச்சு, வாங்க வீட்டுக்குப் போவோம்.” இந்தப் பேச்சுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வெயில் அடித்தாலும் மண்ணுக்குள் போன தண்ணீர் உடனே வடியாது. கீழே இறங்கி, பாறைக்கு மேலே தேங்கி, மண்ணின் பிடியைத் தளர்த்திக்கொண்டேயிருக்கும். மழை விட்ட பிறகு சரிந்த மலைகள் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்து, போகலாம் என்று சொல்லும்வரை ஒரு இரவுகூட அங்கே படுக்க வேண்டாம். சாமான் எடுக்கப் பகலில் போனாலும் ஒருவர் வெளியே நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

சரிவு இரவில்தான் வரும் என்றும் நினைக்கிறார்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி லயங்கள் மண்ணுக்குள் போனது காலை நேரத்தில். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று வருஷங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஏன் போகவில்லை என்று வெளியே இருப்பவர்கள் சுலபமாகக் கேட்கிறார்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலம்கூட இல்லாத குடும்பத்திடம் போ என்றால் எங்கே போவது? இதை அந்தச் சனங்களின் தவறு என்று நான் எழுத மாட்டேன். பாதுகாப்பான நிலத்தில் வீடு கேட்பதை மழைக்காலம் முடிந்ததும் நாம் விட்டுவிடுகிறோம் பாருங்கள், அதை வேண்டுமானால் தவறு என்று சொல்லலாம்.

நம் கையால் செய்து, நம் கையாலேயே திருத்தக்கூடியவையும் உண்டு. குசினியை நீட்டுவதற்காகப் பின் மேட்டைச் செங்குத்தாக வெட்டுவது அதில் முதலாவது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. கானில், அதாவது வடிகாலில், குப்பை அடைத்துக் கிடந்தால் மழைத்தண்ணீர் லயத்தின் அடியில் இறங்கும். குளிக்கிற தண்ணீரைச் சரிவில் திறந்து விட்டாலும் அதே கதைதான். கான் துப்புரவாக்குவதைத் தோட்ட நிர்வாகம் பார்க்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேட்கவும் வேண்டும், அதுவரை லயத்துச் சனமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கியும் வெட்ட வேண்டும்.

குளிர் தாங்காமல் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவு, ஜன்னலை அடைத்துப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கரியில் இருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். ஈர உடுப்பைக் காயவைக்கத்தான் என்றாலும் குசினியில், ஜன்னல் திறந்து, எல்லோரும் விழித்திருக்கும்போது வையுங்கள்.

ஆறு பெருகும்போது பாலத்துக்குச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டுக் குறுக்கே இறங்காதீர்கள். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, லக்ஸபான பக்கம் நீர்த்தேக்கம் வான் பாய்ந்தாலோ வான் கதவு திறந்தாலோ கீழே தண்ணீர் ஏற நேரம் பிடிக்காது. கலங்கிய தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வைகாசியிலிருந்தே அடைமழை. பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் பயம். உங்கள் பக்கத்து மாதம் தொடங்குவதற்கு முன் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, ஈபீஎப் (ஊழியர் சேமலாப நிதி) கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டு, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுங்கள். ஆடு, கோழியை அவிழ்த்துவிட்டுப் போங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் அம்புலன்ஸின் 1990ஐயும் சுவரில் எழுதுங்கள். வெளியேறும்போது பள்ளத்தின் வழியாகவோ ஓடையை ஒட்டியோ போகாதீர்கள், சரிகிற மண் அந்த வழியாகத்தான் இறங்கும். எந்தப் பாதையால் எந்தக் கோயிலுக்கு அல்லது பாடசாலைக்குப் போவது என்று லயத்து ஆட்கள் முன்கூட்டியே பேசி வையுங்கள். கடைசிக் காம்பராவில் காது கேட்காத அப்பாயி இருந்தால், அவரை எழுப்பிக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது யார் என்று பெயர் சொல்லி முடிவெடுங்கள். இருட்டுவதற்கு முன்பே அவரை அனுப்பிவிட முடிந்தால் இன்னும் நல்லது.