காசநோயிலிருந்து மீண்டவரை மேடைக்கு அழைக்கும் முன்: மும்பைத் தமிழ் மன்றங்களுக்கு ஒரு வழிகாட்டி

தாராவி, சயான் கோலிவாடா போன்ற தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் காசநோய் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தும் மன்றங்களும் மகளிர் குழுக்களும் பெரும்பாலும் ஒரு மருத்துவரைப் பேசவைத்து, துண்டறிக்கை கொடுத்து முடித்துவிடுகின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அங்கே பலருக்கும் ஏற்கெனவே தெரியும். பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிடும், மகளுக்கு வரன் அமையாது, பட்டறையில் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது. இதே அச்சத்தோடு இருந்து, மருந்தை முழுமையாகச் சாப்பிட்டு முடித்து, இன்று அதே சந்தில் நல்ல உடல்நலத்தோடு நடமாடும் ஒருவர் எழுந்து பேசும்போதுதான் கேட்பவரின் மனம் இளகுகிறது.

ஆகவே, சிகிச்சை முடிந்து குணமாகிவிட்டதாக மருத்துவர் உறுதிசெய்த ஒருவரையே தேடுங்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை அழைப்பது அவருக்குக் கூடுதல் சுமை. மீண்டவரால் மறுக்க முடியாத ஒருவர் வழியாக, அதாவது முதலாளி, கடன் குழுத் தலைவி, சிகிச்சை அளித்த மருத்துவர் போன்றோர் வழியாகக் கேட்காதீர்கள். ஒரு நாள் கூலியை விட்டு வருபவருக்கு அந்தக் கூலியையும் பயணச் செலவையும் கொடுப்பது உங்கள் கடமை.

சம்மதம் வாங்குவதில்தான் பெரும்பாலான குழுக்கள் அவசரப்படுகின்றன. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் போதாது. பேச்சு எங்கே ஒலிக்கும், யார் கேட்பார்கள், படம் பிடிக்கப்படுமா என்பதைத் தமிழில் வாய்விட்டு விளக்கி, வீட்டாரோடு கலந்து பேச அவருக்குச் சில நாள் அவகாசம் கொடுங்கள். தாராவித் தமிழர்கள் பலருக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர் இருக்கிறது. இங்கே எடுத்த காணொளி வாட்ஸப் வழியே அன்றைக்கே அங்கே போய்ச் சேர்ந்துவிடும், பிறகு அதைத் திரும்பப் பெறவே முடியாது. முகத்தை இருட்டில் மறைத்தாலும் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். பெயர் வெளிவர வேண்டாம் என்று அவர் நினைத்தால், அவருடைய அனுபவத்தை வேறொருவர் வாசிக்கலாம், அல்லது படம் பிடிக்காமல் பெண்கள் மட்டும் கூடும் சிறு கூட்டத்தில் அவரே பேசலாம். மேடை ஏறும் நிமிடத்திலும் அவர் வேண்டாமென்று மறுக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

என்ன பேசுவது என்பதை அவரே முடிவுசெய்யட்டும். ஆனால், தயார்செய்யும்போது சில கேள்விகள் உதவும். இருமலைச் சாதாரணச் சளி என்று எத்தனை காலம் ஒதுக்கினார்? பரிசோதனைக்கு யார் அழைத்துப் போனார்? மருந்தை நிறுத்திவிடலாம் என்று எப்போது தோன்றியது? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீடிப்பது; இரண்டு மாதத்திலேயே உடல் தேறிவிட்டதாகத் தோன்றுவதால் பலர் நிறுத்திவிடுகிறார்கள், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாக அது வழிசெய்கிறது. காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிடுகையில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்துப் பயந்ததையும், அது மருந்தின் நிறம்தான் என்று செவிலியர் விளக்கியதையும் மீண்டவர் சொன்னால், அதே பயத்தில் வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்திருப்பவருக்கு அது நேரடியாகப் போய்ச் சேரும். சோக இசையும் கண்ணீரும் இதற்குத் தேவையில்லை. அவரைப் பரிதாபத்துக்குரியவராகக் காட்டினால் நோயைப் பற்றிய பழைய அவமானமே உறுதிப்படும்.

கூட்டத்தில் ஒரு சுகாதாரப் பணியாளர் உடனிருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவரின் அனுபவம் இன்றைய முறையிலிருந்து மாறுபட்டிருக்கலாம். மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் காசநோய்க்கான ஊசி மருந்தின் பக்கவிளைவால் கேட்கும் திறனை இழந்தவர். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக்கூட இப்போது பெரும்பாலும் மாத்திரைகளே தரப்படுகின்றன என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், அவரைப் பற்றிக் கேட்டவர்கள் சிகிச்சையைக் கண்டே அஞ்சுவார்கள். அவருடைய வாழ்க்கையில் முழுமையாகச் சொல்லவேண்டிய மற்றொரு பகுதியும் உண்டு: அவரும் காசநோயிலிருந்து மீண்ட தென்னாப்பிரிக்கப் பெண் ஒருவரும் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் பெடாகுலின் மாத்திரையின் காப்புரிமை நீட்டிப்பை எதிர்த்து 2019இல் மனுச் செய்தார்கள், 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த நீட்டிப்பை நிராகரித்தது. மீண்டவரின் சொல் சட்டத்தின் முன்பும் எடைபெறும் என்பதற்கு இது சான்று. முதுகெலும்புக் காசநோயிலிருந்து மீண்ட அமிதாப் பச்சன் அரசுப் பிரசாரத்தில் பேசியதும் பலருக்கு நினைவிருக்கும். ஆயினும், பக்கத்துச் சந்தில் வாழ்பவர் தரும் நம்பிக்கை வேறு வகையானது, அதைத்தான் நீங்கள் தேடிச் செல்ல வேண்டும்.

பேச்சு முடிந்ததும் கேட்டவர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிய வேண்டும். அருகிலுள்ள மாநகராட்சி மருந்தகத்தின் இடம், அது திறந்திருக்கும் நேரம், பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்பது, சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தில் வங்கிக் கணக்குக்கு மாதம் 1000 ரூபாய் வரும் என்பது ஆகியவற்றை அங்கேயே அறிவியுங்கள். அடுத்த சில வாரங்களில் பரிசோதனைக்கு வருவோர் கூடியிருக்கிறார்களா என்று, யாருடைய பெயரையும் கேட்காமல், மருந்தகத்தில் விசாரியுங்கள்; பேசியவரிடமும் போய், கூட்டத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் யாராவது அவரைப் புண்படுத்தினார்களா என்று கேட்டு, அப்படி நடந்திருந்தால் மன்றத்தின் மூத்தவர்கள் அவர் சார்பில் பேச ஏற்பாடு செய்யுங்கள்.