வெளியூரில் பைக்கைப் பறிகொடுக்க வைக்கும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன், ஒரு பௌர்ணமி இரவு. கிரிவலத்துக்காக நானும் நண்பனும் ஆளுக்கொரு பைக்கில் திருவண்ணாமலை போயிருந்தோம். ஊருக்குள் நுழையும் இடத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால் முப்பது நாற்பது வண்டிகள் வரிசையாக நின்றன. "இத்தனை பேர் விட்டிருக்காங்களே, நமக்கென்ன" என்று நாங்களும் கடைசியில் சொருகிவிட்டு ஹேண்டில் லாக் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம். 14 கிலோமீட்டர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது மணி இரண்டரை. என் வண்டி நின்றது. அவன் வண்டி இருந்த இடத்தில் வேறு யாருடைய ஸ்கூட்டியோ நின்றது.

பக்கத்தில் தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்ற அக்காவிடம் கேட்டோம். "ஹெல்மெட் போட்ட ஒரு தம்பி தள்ளிக்கிட்டுப் போச்சே. ஸ்டார்ட் ஆகல போலன்னு நெனச்சேன். மேடு ஏற முடியாம திணறுச்சு, நான்கூட ஒரு கை கொடுத்தேன்" என்றார்.

அந்த அக்கா மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு எப்படித் தெரியும், யார் வண்டி எதுவென்று? நம் தெருவில் வண்டியைக் காப்பாற்றுவது பூட்டு அல்ல. எதிர் வீட்டுத் தாத்தா, முனை டீக்கடைக்காரர், காலையில் கீரை கொண்டுவரும் பாட்டி என்று நம் வண்டியை அடையாளம் தெரிந்த கண்கள்தான் காப்பாற்றுகின்றன. வெளியூருக்குப் போகும்போது அந்தக் கண்கள் கூட வருவதில்லை. ஆனால் அவை கூடவே வந்துவிட்ட மாதிரிதான் நாம் வண்டியை நிறுத்துகிறோம். பயணத்தில் வண்டி போகும் கதைகளை விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்தப் பழக்கத்தில்தான் போய் முடியும்.

எப்போது திரும்புவீர்கள் என்று அவனுக்குத் தெரியும்

கூட்டமான இடம் பாதுகாப்பு என்பது முதல் தவறு. கடைத்தெருவில் வண்டியை விட்டால் நீங்கள் ஐந்து நிமிடத்தில் வருவீர்களா, ஒரு மணி நேரத்தில் வருவீர்களா என்று திருடனுக்குத் தெரியாது. அந்தப் பயம் அவனுக்கு இருக்கும். கிரிவலப் பாதையில் அந்தப் பயம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தொடங்கியவர் நாலு மணி நேரத்துக்குத் திரும்பமாட்டார். வெள்ளியங்கிரி மலை ஏறப் போகிறவர் இரவு முழுக்க வரமாட்டார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் வரிசையில் நிற்பவரும், தனுஷ்கோடியில் சாலையோரம் நிறுத்திவிட்டுக் கடலைப் பார்க்க இறங்கியவரும் அப்படித்தான். எத்தனை நேரம் இருக்க மாட்டோம் என்பதை நாமே அறிவித்துவிட்டுப் போகிறோம்.

இந்த மாதிரி இடங்களில் இருபது முப்பது ரூபாய் கட்டண நிறுத்தத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. திருவிழா நாட்களில் ஊருக்கு வெளியே தற்காலிக வாகன நிறுத்தம் ஏற்பாடு செய்வார்கள். ஒரு கிலோமீட்டர் கூட நடக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. டோக்கனை வண்டியிலேயே சொருகிவிட்டுப் போகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். வண்டியை வெளியே எடுக்க அந்தச் சீட்டுதான் வேண்டும் என்பது திருட வருகிறவனுக்கும் தெரியும்.

"வண்டிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்க முடியாது என்று விட்டுவிடவும் வேண்டாம். டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், அப்படி எழுதி வைத்துவிட்டால் மட்டும் அலட்சியத்துக்கான பொறுப்பு போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்புச் சொன்னது. சாவியை ஓட்டல்காரர் கையில் ஒப்படைத்த வழக்கு அது. நாமே மூலையில் நிறுத்திவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனால் அதே பலம் இருக்காது. எதுவாக இருந்தாலும் சீட்டு கையில் இருக்கட்டும், போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்டில் லாக் என்ற நம்பிக்கை

ஹேண்டில் லாக் என்பது உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சின்ன இரும்புக் கட்டை, அவ்வளவுதான். ஹேண்டில்பாரைப் பிடித்து, காலை ஊன்றி ஓங்கித் திருப்பினால் உடைந்துவிடும். பெரிய சத்தமும் வராது. பழைய வண்டி என்றால் அதுகூடத் தேவையில்லை. தேய்ந்துபோன பூட்டில் எந்தச் சாவியை விட்டு ஆட்டினாலும் திறக்கிறது என்று மெக்கானிக் கடையில் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சரி, சக்கரத்தின் பிரேக் தட்டில் மாட்டும் டிஸ்க் லாக் வாங்கிவிட்டோம். நல்லதுதான், தள்ளிக்கொண்டு போக முடியாது. ஆனால் தூக்கிக்கொண்டு போகலாம். இரவில் ஒரு குட்டி யானையைக் கொண்டுவந்து நிறுத்தி மூன்று பேர் தூக்கினால் 150 கிலோ வண்டி ஒரு விஷயமே இல்லை. பார்க்கிறவர் பஞ்சரான வண்டியை ஏற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அதனால் இரவு தங்கும் இடத்தில் வண்டியை அசையாத ஒன்றோடு சேர்த்துக் கட்டியாக வேண்டும்.

கட்டுவதிலும் தவறு செய்கிறோம். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கேபிள், ஹெல்மெட்டைக் கட்டத்தான் லாயக்கு. கட்டிங் பிளேயரைக் கொஞ்ச நேரம் கடிக்க விட்டால் கதை முடிந்தது. தடித்த, கடினப்படுத்திய இரும்புச் செயின் வேண்டும். அதைச் சக்கரத்தில் மட்டும் சுற்றாமல் பின் சக்கரத்தோடு சேசிஸையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். செயினோ பூட்டோ தரையில் கிடக்கக் கூடாது, கிடந்தால் தரையே பட்டறைக் கல்லாகிவிடும், மேலிருந்து சுத்தியலால் அடித்து உடைப்பது சுலபம். தொங்கிக்கொண்டிருந்தால் அடி சரியாக விழாது. கட்டுகிற கம்பத்தையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தலை உயரத்துக்கு நிற்கும் "நோ பார்க்கிங்" குழாயில் கட்டினால் செயினை மேலே உருவி எடுத்துவிடலாம். கட்ட ஒன்றுமே இல்லை, ஆனால் நாலு பேராகப் போயிருக்கிறீர்கள் என்றால் வண்டிகளைத் தலைமாற்றி நெருக்கி நிறுத்தி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே செயின். நாலு வண்டியை ஒன்றாகத் தூக்க யாரும் வரமாட்டார்கள்.

டிஸ்க் லாக்கைப் போட்டுவிட்டு மறந்துபோய் வண்டியை முறுக்கி விழுந்தவர்கள் உண்டு. நானும் விழுந்தேன், ஏற்காட்டில், ஒரு குடும்பமே பார்த்துக்கொண்டிருக்க. அதிலிருந்து பூட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு மஞ்சள் கயிறு கட்டுகிறேன்.

காசே ஆகாத பழைய வித்தைகளும் இருக்கின்றன. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுப் போங்கள். ஸ்டார்ட் செய்தாலும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். நடுரோட்டில் நின்ற வண்டியைத் திருடன் போட்டுவிட்டு ஓடத்தான் பார்ப்பான். கார்புரேட்டர் இல்லாத இப்போதைய எஃப்.ஐ. வண்டிகளில் அந்த டேப் கிடையாது. ஃப்யூஸ் பெட்டியில் பெட்ரோல் பம்புக்கோ இக்னிஷனுக்கோ உள்ள ஃப்யூஸ் எது என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரவு அதைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். அரை நிமிட வேலை.

சாவி, ஆர்.சி., போன்

மாற்றுச் சாவியை சைடு பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களை என்ன சொல்வது! அது உடன் வருகிறவரிடம் இருக்கட்டும், அல்லது வீட்டிலேயே இருக்கட்டும். அருவியில் குளிக்கப் போகும்போது பேண்ட் பாக்கெட்டில் சாவியோடு துணியைப் பாறை மேல் போட்டுவிட்டுப் போவது இன்னொன்று. சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், அழகாக இல்லாவிட்டால் போகிறது.

டீ குடிக்க இரண்டு நிமிடம்தானே என்று சாவியை வண்டியிலேயே விட்டால் வண்டி போவது மட்டுமல்ல, இன்சூரன்ஸ் பணமும் சிக்கலாகும். சாவியை விட்டுவிட்டு ஓட்டுநர் வழி கேட்கப் போன நேரத்தில் திருடுபோன ஒரு லாரிக்கு, முழுத்தொகை இல்லாமல் 75 சதவீதம் கொடுக்கச் சொல்லி 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கே அந்த லாரிக்காரர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பொதுவாக இழப்பீடு கேட்கும்போது வண்டியோடு வந்த இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெடுஞ்சாலை டீக்கடைகளில் பெரிய பைக்கைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்து, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா ப்ரோ" என்று கேட்பவர்களிடம் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லப் பழகுங்கள்.

அசல் ஆர்.சி.யை சீட்டுக்கு அடியில் வைப்பது திருடனுக்கு வண்டியோடு காகிதத்தையும் சேர்த்துக் கொடுப்பது. போனில் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினால் சட்டப்படி செல்லும், அசல் வீட்டில் இருக்கட்டும். எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி.பி.எஸ். கருவி நல்லதுதான். ஆனால் பலர் அதை மாட்டிவிட்டு, உள்ளே இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிடுகிறார்கள். மலைப்பாதையில் சிக்னல் போய்விடும், பேட்டரி பக்கத்திலேயே பொருத்தியிருந்தால் முதலில் அதைத்தான் பிடுங்குவான். சாவிக்கொத்தில் மாட்டும் ப்ளூடூத் வில்லைகள் பக்கத்தில் வேறு போன்கள் இருந்தால்தான் இடம் சொல்லும். வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டாலும் தனியாகப் போய் மீட்கப் பார்க்காதீர்கள், போலீசைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேமராவுக்குக் கீழே நிறுத்தினால் போதும் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்களுக்குக் கிடைத்த காட்சியில் இருந்தது ஒரு ஹெல்மெட், அவ்வளவுதான். இருசக்கர வண்டிக்கு தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் பொதுவாகக் கட்டணமும் கிடையாது, ஃபாஸ்டாக்கும் கிடையாது. அதனால் காருக்கு விழுவது போல எந்தச் சாவடியை எப்போது தாண்டியது என்ற பதிவும் விழாது.

"அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு"

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு இதுதான். இது பயணத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது.

2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஷோரூமில் பெரும்பாலும் அதோடு சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். காகிதத்தில் ஐந்து வருடத் தேதி பெரிதாகத் தெரியும், நாமும் கவலை விட்டது என்று மடித்து வைத்துவிடுவோம். மூன்றாம் நபர் காப்பீடு, நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கானது. வண்டி திருடுபோனால் அதில் ஒரு ரூபாய்கூட வராது. திருட்டுக்குப் பணம் கிடைப்பது சொந்தச் சேதப் பகுதியில்தான், அது முதல் வருடத்தோடு முடிந்திருக்கும்.

என் நண்பனுக்கு நடந்தது இதுவேதான். வண்டிக்கு அப்போது இரண்டு வயது. காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அன்று இரவு அவன் அழாமல் இருந்தான். மறுநாள் காலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பாலிசியைப் போனில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தபோது, சொந்தச் சேதம் என்ற வரிக்கு நேராகப் பதினொரு மாதத்துக்கு முன்னால் முடிந்துபோன தேதி இருந்தது. தட்டில் இருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். வண்டி போனாலும் தவணை நிற்காது, மிச்சமிருந்த பதினான்கு மாதமும் இல்லாத வண்டிக்குக் கட்டினான்.

ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் டயர் காற்றைப் பார்ப்பது போல அந்த ஒரு வரியையும் பார்த்துவிடுங்கள். பாலிசி உயிரோடு இருந்தாலும் முழு விலை வராது. இரண்டு வயது தாண்டிய வண்டிக்கு 30 சதவீதம், மூன்று தாண்டினால் 40 சதவீதம் என்று தேய்மானம் கழித்துத்தான் வண்டியின் மதிப்பைப் போடுவார்கள். புது வண்டி என்றால், பில் விலையையே தரும் "ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்" என்ற கூடுதல் பிரிவு கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

போன பிறகு

முதலில், போனது திருட்டில்தானா என்று பாருங்கள். நோ பார்க்கிங்கில் நின்றதைப் போக்குவரத்துப் போலீசார் தூக்கிப் போயிருக்கலாம். இல்லை என்று தெரிந்ததும் 100 அல்லது 112-க்கு உடனே சொல்லிவிட்டு அந்த ஊர் காவல் நிலையத்துக்குப் போங்கள். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று பஸ் ஏறுவது பெரிய தப்பு. அங்கே தங்க வழியே இல்லாவிட்டால் வேறு காவல் நிலையத்தில் கொடுங்கள், சம்பவம் எங்கள் எல்லையில் இல்லை என்று அவர்கள் புகாரை மறுக்க முடியாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்.

நம் ஊரில் முதலில் கையில் கொடுப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. அது எஃப்.ஐ.ஆர். இல்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அதைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எஃப்.ஐ.ஆர். பதிவாகும் வரை விடாமல் கேளுங்கள், நகல் இலவசமாகத் தர வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றுக்குப் பல மாதம் அலைய வேண்டியிருக்கும், அது தனிக் கதை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே சொல்லிவிடுவது நல்லது. போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்தால் பணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது.

நண்பனின் வண்டி கிடைக்கவே இல்லை. போன கார்த்திகைக்கு முந்தைய பௌர்ணமிக்குப் புது வண்டியில் மறுபடி போனோம். கட்டண நிறுத்தத்தில் விட்டு, இரண்டு வண்டியையும் வேப்பமரத்தோடு சேர்த்துச் செயின் போட்ட பிறகும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. வாசலில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த பெரியவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து வண்டியைக் காட்டினான். "ஐயா, இது என் வண்டி. ஹெல்மெட் போட்டுக்கிட்டு எவனாவது தள்ளுனா, தயவுசெஞ்சு கை கொடுத்துடாதீங்க."