மைன்கிராஃப்டில் ஒரு மலையை அளப்பது எப்படி?

ஐப்பசி மாதத்து இடிமழை நேரம் மட்டக்களப்பில் விறாந்தையில் இருந்து பார்த்தால், வாவிக்கு அந்தப் பக்கம் மின்னல் வெட்டும். உடனே எண்ணத் தொடங்குவோம். மூன்று செக்கனில் இடி கேட்டால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். நமது ஊர் வெக்கையில் ஒலி செக்கனுக்கு சுமார் 350 மீற்றர் ஓடும், அவ்வளவுதான் கணக்கு. போன வருடம் அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது மருமகன் போனை நீட்டிக் கேட்டான்: "மாமா, இந்த மலை எவ்வளவு உயரம்?" கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டில் வரும் மலை. நாடா இல்லாமல் அதையும் அளக்கலாம். சாதாரண தர விஞ்ஞானம் போதும்.

விளையாட்டில் ஆள்கூறு, அதாவது நிற்கும் இடத்தையும் உயரத்தையும் எண்களாகக் காட்டும் வசதி இருக்கிறது. இப்போதைக்கு அதை நிறுத்தி வையுங்கள். கடைசியில் விடையைச் சரிபார்க்க உதவும்.

முதல் படி: தெரிந்த உயரம் ஒன்றைக் கட்டுங்கள்

மைன்கிராஃப்டில் ஒரு கட்டை ஒரு மீற்றர். மட்டக்களப்புப் பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு 28 மீற்றர். ஆகவே கட்டைகள் அளவில்லாமல் கிடைக்கும் கிரியேட்டிவ் முறையில் 28 கட்டைகளை அடுக்கி நமது வெளிச்சவீட்டையே கட்டுங்கள். வெள்ளை நிறக் கட்டை எடுத்தால் தூரத்திலிருந்தும் தெரியும், அது பிறகு தேவைப்படும்.

இரண்டாம் படி: விழும் நேரத்தைப் பிடியுங்கள்

திரையைப் பதிவு செய்ய விட்டு, உச்சியிலிருந்து விளிம்பைத் தாண்டி நடந்து விழுங்கள். குதிக்கக் கூடாது, குதித்தால் முதலில் மேலே போன நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும். பறக்கும் நிலையும் நிறுத்தியிருக்க வேண்டும்.

பதிவை கணினியில் வி.எல்.சி என்ற வீடியோ மென்பொருளில் திறந்து, ஆங்கில 'ஈ' எழுத்து விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது தனித்தனிப் படமாக நகரும். கால் விளிம்பை விட்ட ஃபிரேமிலிருந்து தரையைத் தொட்ட ஃபிரேம் வரை எண்ணுங்கள். செக்கனுக்கு 60 ஃபிரேம் பதிவென்றால் சுமார் 90 வரும். அதாவது ஒன்றரைச் செக்கன். ஒரு தடவை எண்ணியதை நம்ப வேண்டாம், ஐந்து தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். போன் திணறினால் விளையாட்டின் நேரமே மெதுவாகும், அந்தப் பதிவை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: 9.8ஐ மறந்துவிடுங்கள்

எல்லாருக்கும் பிழைப்பது இங்கேதான். உயரம் என்பது ஆர்முடுகலில் (வேகம் கூடும் வீதத்தில்) பாதி, பெருக்கல் நேரம், பெருக்கல் நேரம். புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8ஐ அதில் போட்டால் நமது வெளிச்சவீடு 11 மீற்றர் என்று வரும். பாலமீன்மடுவில் மேலேயிருந்து ஒரு கல் விழ சுமார் 2.4 செக்கன் எடுக்கும். விளையாட்டில் ஒன்றரைதான். அந்த உலகம் நம்மை விட வேகமாகக் கீழே இழுக்கிறது. 28ஐயும் 1.5ஐயும் வைத்துத் திருப்பிக் கணித்தால் ஆர்முடுகல் 25க்குக் கிட்ட வருகிறது.

இதைத்தான் மருமகனுக்கு முதலில் சொன்னேன்: எந்த விளையாட்டுக்குள் போனாலும், அங்கே ஈர்ப்பு எவ்வளவு என்று அந்த உலகத்திடமே கேட்க வேண்டும்.

நான்காம் படி: மலை

இனி ஆர்முடுகல்கூடத் தேவையில்லை. விழும் உயரம் நேரத்தின் வர்க்கத்தோடு கூடும். மலையுச்சியிலிருந்து, இடையில் எதிலும் படாத செங்குத்தான பக்கமாக விழுந்தபோது 135 ஃபிரேம் வந்தது, அதாவது 2.25 செக்கன். வெளிச்சவீட்டு நேரத்தின் ஒன்றரை மடங்கு. ஒன்றரையின் வர்க்கம் 2.25. அதை 28ஆல் பெருக்கினால் 63 மீற்றர்.

இப்போது ஆள்கூறைத் திறந்து பாருங்கள். உச்சிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் 60தான் இருக்கும். மூன்று மீற்றர் எங்கே போனது? விளையாட்டுக்குள் வளித்தடை போல ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு செக்கனையும் 20 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் விழும் வேகத்தில் 2 சதவீதத்தைக் குறைக்கிறார்கள். உயரம் கூடக்கூடப் பிழையும் கூடும். ஆகவே பெரிய மலைக்குப் பெரிய கோபுரமாகக் கட்டி ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. உங்களை விழுத்தி அளந்த கோபுரத்தோடு மணல் கட்டையை விழுத்தி அளந்த மலையை ஒப்பிடக் கூடாது. நமது உலகில் கல்லும் மனிதனும் ஒரே ஆர்முடுகலில் விழுவார்கள். அங்கே மணலுக்கு வைத்திருப்பது ஆளுக்கு வைத்ததில் பாதிதான்.

ஐந்தாம் படி: கிடைத் தூரம்

வெளிச்சவீட்டிலிருந்து 50 கட்டை எண்ணித் தள்ளி நின்று, அசையாமல், அதைத் திரையின் நடுவில் வைத்து அடிமட்டத்தால் அளவுங்கள். 26 மில்லிமீற்றர் என்று வைப்போம். வேறோர் இடத்தில் நின்று பார்க்க 10 மில்லிமீற்றர் என்றால், 26ஐ 10ஆல் பிரித்து 50ஆல் பெருக்குங்கள்: 130 மீற்றர். ஓடிக்கொண்டு அளக்காதீர்கள், ஓடும்போது பார்வைக் கோணம் விரியும்.

சரிபார்க்க, நடந்தே போங்கள். விளையாட்டில் வரும் ஆள் செக்கனுக்கு 4.3 மீற்றர் நடப்பான், நமது நடையைப் போல மூன்று மடங்கு. 30 செக்கனில் வெளிச்சவீட்டின் அடியில் நிற்க வேண்டும்.

கட்டை இல்லாத வேறு விளையாட்டென்றால், பாத்திரத்தின் உயரத்தை 1.7 மீற்றர் என்று வைத்துத் தொடங்குங்கள். கதவை அளவாக எடுக்க வேண்டாம். பாத்திரத்தின் பின்னால் வரும் கமெரா நுழைவதற்காகப் பல விளையாட்டுகளில் கதவுகளைப் பெரிதாக்கி வைப்பார்கள்.