பழைய மூடிய டிரெய்லரின் ஓட்டைகளையும் கூரை விரிசல்களையும் அடைக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தைப்பூசம் மழைக்காலத்தில் வருவதால், காவடிக்கான மயிற்பீலியும் அன்னதானத்துக்கான அரிசி மூட்டைகளும் ஏற்றிச் செல்லும் டிரெய்லரில் ஒரு சொட்டு நீரும் இறங்கக் கூடாது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் சில குடும்பத்தார் சேர்ந்து வாங்கிய பழைய மூடிய டிரெய்லர், முதல் ஆண்டிலேயே இரண்டு மூட்டை அரிசியை நனைத்துவிட்டது. அதைச் சரிசெய்தபோது கற்றுக்கொண்டதை, இந்த வேலையை முதன்முறையாகச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மழை குறைந்திருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் இதைச் செய்வது நல்லது. மெல்லிய தகட்டுக் கூரையின் மீது ஏறி நிற்காதீர்கள். பக்கத்தில் உறுதியான ஏணியையோ சாரத்தையோ வைத்து, அதில் நின்று வேலை செய்யுங்கள்.

முதல் படி, நீர் நுழையும் இடத்தைக் கண்டுபிடிப்பது. பட்டப்பகலில் ஒருவர் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டால், ஊசித்துளை வழியாக வரும் வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியும். அந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட வேண்டும். பிறகு ஒருவர் டார்ச்சுடன் உள்ளே இருக்க, மற்றவர் வெளியிலிருந்து குழாய் நீரை மெதுவாகப் பாய்ச்ச வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் தொடங்கி, ஒவ்வோர் இணைப்பிலும் சில நிமிடங்கள் பொறுத்து, கடைசியாகவே கூரைக்கு வரவேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாப் பக்கமும் நனைந்துபோய், எந்த வழியாக நீர் நுழைந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் டிரெய்லரில் இடது சுவரின் நடுவில் நீர் சொட்டியது. கூரைச் சட்டத்தின் மேல் படிந்திருந்த ஈரக்கோட்டைப் பின்தொடர்ந்து போனோம். அது முன்பக்க ஓரத்தில் இருந்த ஒரு திருகில் போய் முடிந்தது. அதன் ரப்பர் வாஷர் வெடித்துப் பொடியாகியிருந்தது. திருகோ விரலாலேயே சுழன்றது.

இரண்டாம் படி, பழைய பூச்சை முழுவதும் நீக்குவது. எங்களுக்கு முன் வைத்திருந்தவர் சிலிக்கோன் மேல் சிலிக்கோனாக மூன்று அடுக்குப் பூசியிருந்தார். சிலிக்கோன் இருந்த இடத்தில் மற்றப் பூச்சுகள் ஒட்டுவதில்லை, பெயின்டும் நிற்பதில்லை. மேலும், வினிகர் வாடை வீசும் வகைச் சிலிக்கோன் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டு உலோகத்தை அரிக்கும். ஆகவே பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாகச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். அலுமினியத்தின் மேல் இரும்புக் கம்பித் தூரிகையைப் பயன்படுத்த வேண்டாம்; அதன் துகள்கள் தகட்டில் தங்கி, கடற்காற்றில் துருப்பிடிக்கும். மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் இந்தப் படிக்கே போகும். அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

மூன்றாம் படி, சிறு துளைகள். தளர்ந்த திருகைக் கழற்றி, துளையில் பாலியூரித்தேன் சீலன்டை (இடைவெளியை அடைக்கும் பசையை) இட்டு, ஓர் அளவு பெரிய திருகைப் புதிய வாஷருடன் முடுக்குங்கள். வெற்றுத் துளைகளுக்கு, முனை மூடிய அலுமினிய ரிவெட்டை (தகடுகளைப் பிணைக்கும் ஆணியை) சீலன்டில் தோய்த்து அடிக்கலாம். விரல் நுழையும் அளவுள்ள ஓட்டைக்கு, எல்லாப் பக்கமும் 25 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும்படி அலுமினியத் தகட்டை வெட்டி, மூலைகளை வளைவாக அராவி, அடியில் பியூட்டைல் டேப் (இருபுறமும் ஒட்டும் ரப்பர் பட்டை) ஒட்டி, ஓரங்களில் ரிவெட் அடியுங்கள். அலுமினியக் கூரைக்கு இரும்புத் தகட்டால் ஒட்டுப் போடாதீர்கள். ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களும் சேரும் இடத்தில் அரிப்பு தொடங்கிவிடும். துளையிடும் முன், அதன் பின்னால் விளக்கு வயர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி, விரிசல்கள். விரிசலின் மேல் பூச்சை மட்டும் தடவினால் அது அடியிலேயே நீண்டுகொண்டு போகும். இரு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையிட்டால் விரிசல் அங்கேயே நின்றுவிடும். அதன் பிறகு மேலே சொன்னதுபோல் தகடு ஒட்டலாம். இறுகினாலும் நெகிழ்வு குறையாத பூச்சையே வாங்க வேண்டும். 3 மீட்டர் நீள அலுமினியக் கூரை, 50 டிகிரி செல்சியஸ் வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளுகிறது. கல்லாக இறுகும் எந்தப் பூச்சும் இதைத் தாங்காது.

கடைசியாக, கூரையின் ஓர இணைப்புகளிலும் காற்றுப்போக்கியைச் சுற்றியும் தானாகப் பரவும் கூரைச் சீலன்டை இட வேண்டும். செங்குத்தான இடங்களுக்கு வழியாத வகையைத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் கொதிக்கும் தகட்டில் பூசாமல், பனி உலர்ந்த காலை வேளையில் பூசுங்கள். பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி இறுகுவது. ஆகவே மேல்தோல் காய்ந்ததை நம்பாமல், குழலில் அச்சிட்டுள்ள நேரம் முடியும்வரை காத்திருங்கள்.

முழுதும் இறுகிய பின் குழாய்ச் சோதனையை முன்போலவே மறுபடி செய்யுங்கள். தரையின் பிளைவுட்டைத் திருப்புளி முனையால் மூலைக்கு மூலை குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் அந்தப் பலகை உளுத்துவிட்டது, அதை மாற்றியாக வேண்டும். நாங்கள் பின்கதவு ஓரத்தில் ஓர் அடி அகலத்துக்கு அப்படி மாற்றினோம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், மழை தொடங்கும் முன், கூரை ஓரத் திருகுகளை ஒன்றுவிடாமல் கையால் தொட்டுப் பார்த்துவிடுகிறோம்.